கடைமடைத் தீவு

மாலத்தீவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீலக் கடலும், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரக் குடில்களும், தேனிலவுக்குப் போன நடிகர்கள் போடும் புகைப்படங்களும்தான். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் மட்டும் மாலத்தீவு என்றால் மாசி. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து, கட்டை மாதிரி ஆக்கி வைத்திருப்பார்களே, அந்த மாசி. அந்த வீட்டுப் பெண் மாலத்தீவில் டீச்சர். ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் பெட்டியில் துணியைவிட மாசிதான் அதிகம் இருக்கும். அம்மா அதை அம்மியில் தட்டி, சின்ன வெங்காயம், வத்தல், தேங்காய் சேர்த்துச் சம்பல் அரைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

டீச்சர் வேலை பார்க்கும் தீவில் ஆயிரம் பேர்கூட இல்லை. இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்கும் என்று அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்வார். கணக்குப் பாடம். ஒன்பது வருஷமாக அங்கேதான். திவேகி மொழி ஓரளவுக்கு வரும். நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் இப்படிப் போய் அங்கே பாடம் நடத்துகிறவர்கள் ஏராளம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போக அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்!

2024 ஜனவரியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக டீச்சர் ஊருக்கு வந்திருந்தார். அப்போதுதான் அந்தச் சண்டை வெடித்தது. 2023 நவம்பரில் பதவி ஏற்ற மாலத்தீவு அதிபர் முகமது முய்சு, தங்கள் நாட்டில் இருக்கும் இந்திய ராணுவத்தினர் கிளம்ப வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஜனவரியில் இந்தியப் பிரதமர் லட்சத்தீவுக்குப் போய் வந்த படங்களைப் பார்த்து, அங்கே இருந்த துணை அமைச்சர்கள் மூன்று பேர் தரக்குறைவாக எழுதினார்கள். அவர்களை அந்த அரசே சஸ்பெண்டு செய்தது. ஆனாலும் இங்கே கோபம் அடங்கவில்லை. மாலத்தீவுக்குப் போகாதே என்று ஒரே கூச்சல். டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் அதைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம். பேச்சு டீச்சர் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, அவனுவளுக்குச் சோறு போடுததே நாமதான். அந்த நன்றிகூட இல்லையே. நீ எதுக்கு இன்னும் அங்கன போய்க் கெடக்கணும்?" என்றார் பெரியப்பா.

அம்மாவுக்கும் உள்ளூர அதே பயம்தான். ஒற்றைப் பெண்பிள்ளை, கடல் நடுவே, இந்தியர்கள் வேண்டாம் என்று கோஷம் போடுகிற நாட்டில். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1981-இல் இந்தியாவும் மாலத்தீவும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. அதன்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை இவற்றையெல்லாம் ஒவ்வொரு வருஷமும் இவ்வளவு என்று அளவு குறித்து இந்தியா அனுப்புகிறது. ஏற்றுமதிக்குத் தடை போட்டிருக்கும் வருஷத்தில்கூட இந்த அளவு போய்ச் சேரும். 2024-25க்கு ஒதுக்கியது அரிசி 1,24,000 டன்னுக்கு மேல், வெங்காயம் 35,000 டன்னுக்கு மேல், முட்டை 42 கோடிக்கு மேல். அனுப்பும் துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. பெரிய கப்பல் வருவதற்கு முன்னாலேயே தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கல்லும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்வந்தவைதான். 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேவுக்கு நேரடிச் சரக்குக் கப்பலும் விட்டுப் பார்த்தார்கள். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், மாலத்தீவின் சமையலறைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள தொடுப்பு புரியும்.

சாப்பாடு மட்டும் இல்லை, மணலும் போகிறது. அதே வருஷம் ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன் ஒதுக்கினார்கள். சுற்றிலும் கடற்கரை, வீடு கட்ட மணல் இல்லை! பவளத் திட்டைத் தோண்டினால் தீவே கரைந்துவிடும். தாமிரபரணிக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். மணலை அள்ளி அள்ளி ஆறு பாழாகி, 2010-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்ட கதை எல்லாருக்கும் தெரியும்.

டீச்சர் பெரியப்பாவுக்கு உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெரியப்பா, நாம சும்மாவா கொடுக்கோம்? காசுக்கு விக்கோம். மளிகைக் கடைக்காரர் அரிசி தாராருன்னு, நம்ம வீட்டு விசேஷத்துக்கு யாரைக் கூப்பிடணும், யாரைக் கூப்பிடக்கூடாதுன்னு அவரா சொல்லுவாரு?" என்று கேட்டார்.

பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "அது சரி, ஆனா கடைக்காரரை வாசல்ல வச்சுத் திட்டலாமா?" என்றார். நியாயமான கேள்விதான். திட்டியது தப்பு என்று டீச்சரும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு சின்ன நாடு ஏன் இப்படி நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து நடக்கிறது, சில சமயம் ஏன் வெடுக்கென்று பேசுகிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு அந்த நாடு பட்ட பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாலத்தீவில் கிட்டத்தட்ட 1,190 தீவுகள். ஆள் குடியிருப்பது 200-க்குள். எல்லாத் தீவின் நிலத்தையும் சேர்த்தால் சுமார் 300 சதுர கிலோமீட்டர். மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர்கூட இல்லை. தென்னை உண்டு, மீன் உண்டு. நெல் விளையாது. பவளத் தீவுக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'அட்டோல்' என்ற வார்த்தையே திவேகியிலிருந்து போனதுதான். உலகத்துக்கு ஒரு வார்த்தை கொடுத்த நாடு, அரிசிக்கு உலகத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். நமக்கு வெளியுறவு என்றால் டெல்லியில் கோட் போட்டவர்கள் கை குலுக்குவது. அவர்களுக்கு வெளியுறவு என்றால் அடுப்பில் உலை வைப்பது.

இந்த வளமில்லாத தீவுகளை விட்டுவைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. பன்னிரண்டாயிரம் பழைய தீவுகளைப் பிடித்ததாக ராஜராஜ சோழன் கல்வெட்டில் பெருமை பேசிக்கொண்டான். அவை மாலத்தீவுதான் என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். 1340-களில் அங்கே நீதிபதியாக இருந்த பயணி இப்னு பதூதா, கோபித்துக்கொண்டு கிளம்பி வந்தவர், மதுரைச் சுல்தானிடம் போய்ப் படை எடுக்கலாம் என்று திட்டம் போட்டார். மூன்று மாதத்துக்குக் கப்பல் போக முடியாது என்று கடற்படைத் தலைவர் சொல்லிவிட்டார், அதற்குள் சுல்தானும் இறந்துபோனார். தீவு தப்பித்தது. 1558-இல் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள், 1573-இல் முகமது தக்குருபானு விரட்டினார். 1752-இல் கண்ணூர் அலி ராஜாவின் ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நாளில் அவர்களும் போக வேண்டியதாயிற்று. வந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள், யாரும் நிலைக்கவில்லை. இது அவர்கள் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாடம் என்பார் டீச்சர்.

பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் வேறு மாதிரி ஏற்பாடு செய்தார்கள். 1887 டிசம்பர் 16 அன்று ஒப்பந்தம். உள்நாட்டு ஆட்சி எல்லாம் சுல்தானுடையது, அதில் தலையிட மாட்டோம். வெளிநாட்டு உறவு மட்டும் எங்களுடையது, கொழும்பில் இருக்கும் ஆளுநர் வழியாகத்தான் எதுவும். வருஷா வருஷம் கொழும்புக்குக் காணிக்கை. அதாவது வீடு உன்னுடையது, எந்த அறையில் யார் தூங்குவது என்று நீயே முடிவு செய். வாசல் சாவி மட்டும் எங்களிடம் இருக்கட்டும்.

வாசல் சாவி இல்லாத வீடு என்ன வீடு? அதே காலத்தில் இந்தக் கரையிலும் அதே சாவிக்குத்தான் சண்டை நடந்தது. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். கப்பல் விட்டதற்கு ஓர் அரசாங்கம் ஏன் இவ்வளவு பதற வேண்டும் என்று தோன்றும். கடலுக்குப் போகும் வாசல் தன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். 1908-இல் அவரைச் சிறையில் போட்டார்கள்.

மாலத்தீவுக்கு அந்தச் சாவியின் அருமை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. அரிசிக் கப்பல் வரவில்லை. இலையும் கிழங்கும் தின்று காலம் தள்ளினார்கள். அந்தத் தீவில் இருக்கும் ஒரு பாட்டி, டீச்சர் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் இன்றைக்கும் திட்டுவாராம்.

இதற்குள்ளேயே இன்னொரு கதை உண்டு. தெற்குக் கோடியில் இருக்கும் அட்டு, குவாது, புவா முலா தீவுக்காரர்கள் பழங்காலத்திலிருந்தே மாசியை ஏற்றிக்கொண்டு நேராகக் கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்தவர்கள். எல்லாம் மாலே வழியாகத்தான் என்று தலைநகரம் கட்டுப்படுத்தியபோது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. புதிய வரிகள் வேறு. அட்டுவில் இருக்கும் கன் என்ற தீவில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் வந்து, பலருக்கு அங்கே வேலையும் கிடைத்திருந்தது. அதற்கும் இடைஞ்சல் வந்ததும், 1959 ஜனவரி 3 அன்று தனி நாடு என்று அறிவித்துவிட்டார்கள். பெயர் ஐக்கிய சுவாதிவ் குடியரசு. தலைவர் அப்துல்லா அபீப். மக்கள் சுமார் 20,000 பேர். கொடி இருந்தது, அரசு இருந்தது. அங்கீகரிக்க மட்டும் ஒரு நாடும் இல்லை. பிரிட்டிஷார் ஆதரவு தருவதுபோல இருந்தார்கள். 1960-இல் மாலே அரசோடு தளத்துக்கு ஒப்பந்தம் முடிந்ததும் அந்த ஆதரவும் மெல்லக் கழன்றது. 1963-இல் குடியரசு முடிந்தது. அபீப் செஷல்ஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். குவாதுவில் தினதூ தீவையே 1962-இல் காலி செய்ய வைத்திருந்தார்கள்.

பெரியவனுக்கு வேலை இருக்கும்வரைதான் சின்னவனுக்கு மரியாதை. மாலே அரசுக்கும் இந்தப் பாடம் புரிந்திருக்க வேண்டும். 1965 ஜூலை 26-இல் முழு விடுதலை வாங்கிய கையோடு, செப்டம்பரிலேயே ஐ.நா.வில் சேர்ந்தது. 1976-இல் பிரிட்டிஷார் கன்னைக் காலி செய்ததும், அடுத்த வருஷமே சோவியத் நாடு குத்தகைக்குக் கேட்டது. நல்ல பணம். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மாசிக்கும் ஒரு பாடம் உண்டு. அவர்கள் மாசியை வாங்குவது பெரும்பாலும் இலங்கைதான். 1970-களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணி இல்லாமல் இலங்கை இறக்குமதியைக் குறைத்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய கடை என்ன ஆகும்? படுத்துவிட்டது. அதே நேரத்தில்தான், 1972-இல், முதல் சுற்றுலா விடுதி திறந்தார்கள். இன்றைக்கு நடிகர்கள் படம் போடும் மாலத்தீவு அங்கிருந்து வந்தது. ஒரே கையை நம்பக்கூடாது என்பது அவர்கள் புத்தகத்தில் படித்துக் கற்றதல்ல.

இந்தியா உதவவில்லையா? உதவியது. 1988 நவம்பர் 3 அன்று இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த எண்பது பேர் அளவில் மாலேயில் இறங்கி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். அன்று இரவே ஆக்ராவிலிருந்து இந்தியப் படை பறந்து போய்க் காப்பாற்றியது. தமிழ் பேசுகிறவர்கள் துப்பாக்கியோடு வந்த அந்த நாளை அவர்கள் இன்றும் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ் டீச்சர் அன்றைக்கு மாணவர்களோடு வரிசையில் நிற்பார். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்பார். 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலை தீப்பிடித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது இங்கிருந்துதான். இந்திய ஹெலிகாப்டர்கள் அங்கே தூரத் தீவு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போனதும் உண்மை. இத்தனைக்குப் பிறகும் 'ராணுவ உடை வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டு. காப்பாற்ற வந்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டால், காப்பாற்றப்பட்டவருக்கு உறுத்தத்தான் செய்யும்.

இதையெல்லாம் டீச்சர் கல்யாண வீட்டில் பிரசங்கம் மாதிரி சொல்லவில்லை. ராத்திரி வீட்டில் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அம்மாவுக்குச் சுவாதிவும் தெரியாது, சோவியத்தும் தெரியாது. ஆனால் அவர் பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி, எட்டு அணைக்கட்டுகளில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஸ்ரீவைகுண்டம் அணையையும் தாண்டிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் கடைமடை. மேலே இருக்கிறவர்கள் கார் நெல்லுக்கும் பிசானத்துக்கும் பாய்ச்சிய பிறகு மிச்சம் இருந்தால்தான் இங்கே வாழைக்கும் வெற்றிலைக்கும் தண்ணீர்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க தாத்தா மேல இருக்க எல்லா ஊருக் கல்யாணத்துக்கும் மொய் எழுதுவாரு. ஒரு ஊரு விடமாட்டாரு. மேமடைக்காரன் ரெண்டு பேரு சண்டை போட்டா, ரெண்டு பேரு வீட்டுலயும் காப்பி குடிச்சிட்டு வருவாரு. இவரு யாரு பக்கம்னு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஒருநாள், 'உங்களுக்குத் தண்ணி விடுததே நாங்கதான்'னு ஒருத்தன் பந்தியில வச்சுச் சொல்லிட்டான். தாத்தா எலையை மூடிட்டு எந்திச்சு வந்துட்டாரு. தண்ணி ஆத்தோடது, உன்னோடது இல்லன்னுட்டு."

டீச்சர் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் டீச்சர் கிளம்பினார். பெட்டியில் மாசி இருந்த இடத்தில் அல்வாவும் கூழ் வற்றலும் ஏறின. பெரியப்பாவும் வழியனுப்ப வந்தார். "பாத்து இரும்மா. அந்தப் பிள்ளைய என்ன செய்யும், படிக்கட்டும்" என்றார். அதற்கு மேல் அவர் இறங்கி வரமாட்டார், அது போதும்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. முய்சு ஒரே நாட்டை நம்பக்கூடாது என்று துருக்கியிலிருந்து உணவுப் பொருள் வாங்க ஏற்பாடு செய்தார், சீனாவுக்குப் போய்வந்தார். 2024 மே மாதத்துக்குள் இந்திய ராணுவத்தினர் திரும்பினார்கள், அவர்கள் பார்த்த வேலையைப் பார்க்க ராணுவம் சாராத இந்தியர்கள் போனார்கள். இந்தச் சண்டைக்கு நடுவில்தான், 2024 ஏப்ரலில், மேலே சொன்ன அரிசி, முட்டை ஒதுக்கீடும் வந்தது. அளவைக் குறைக்கவில்லை, கூட்டித்தான் கொடுத்தார்கள். அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்தார். 2025 ஜூலையில் மாலத்தீவின் அறுபதாவது விடுதலை நாள் விழாவுக்கு இந்தியப் பிரதமர்தான் சிறப்பு விருந்தினர். ஆத்தூர்த் தாத்தா இரண்டு வீட்டிலும் காப்பி குடித்த கதைதான்!

பெரிய நாட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அண்டை வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சோறு நின்றுவிடாது. அதனாலேயே, முகம் சுளிக்கிற சின்னவரைப் பார்த்துச் சீக்கிரம் கோபம் வருகிறது. தலைமடையில் இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கடைமடை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கோபம் பாதி குறையும்.

டீச்சரின் தீவில் இப்போதும் சரக்குப் படகு இரண்டு நாள் தாமதமானால் கடையில் வெங்காயம் இருக்காது. படகு வந்ததும் கடைக்காரர் முதல் கிலோவை டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். காசு வாங்கிக்கொண்டுதான். அதில்தான் மரியாதை இருக்கிறது என்பார் டீச்சர்.